எங்கே என்று கேட்காதவர்

டிக்கெட் ஜன்னலிலிருந்து ஆறு முழம் தள்ளித் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு இருந்தது. மாஸ்டர் போட்டது. ஜன்னலில் ஒருவர் நிற்கும்போது மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கால் பட்டு அழிந்தால் அவரே குனிந்து மறுபடி இழுப்பார். ஸ்டேஷனில் மற்ற எல்லா வேலையையும் என்னிடம் சொல்வார். அதை மட்டும் சொன்னதில்லை.

மேலிடத்து உத்தரவு என்று முதலில் நினைத்தேன். மொரப்பூரில் போய்ப் பார்த்தேன். கோடு இல்லை. தருமபுரியிலும் இல்லை. எங்கள் ஸ்டேஷனில் மட்டும்தான்.

எங்கள் ஸ்டேஷன் சின்ன லைனில் இருந்தது. மொரப்பூரில் பெரிய லைன். அங்கிருந்து பிரிந்து தருமபுரி வழியாக ஓசூர் வரைக்கும் சின்ன லைன். தண்டவாளத்துக்கு நடுவே ஒரு ஆள் குறுக்கே படுக்க முடியாது, அவ்வளவு சின்னது. பஞ்சத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுக்கப் போட்ட லைன் என்று எங்கப்பன் சொல்வார். அவரும் அதில் மண் சுமந்தவர்.

ஸ்டேஷன் என்றால் ஒரு அறை. அதில் ஒரு ஜன்னல். பக்கத்தில் விளக்கு வைக்கிற அறை. வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு, இரண்டு தண்ணீர்ப் பானை. யார் எந்தப் பானையில் குடிப்பது என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விடிந்ததும் ஒரு வண்டி தருமபுரியிலிருந்து மொரப்பூர் போகும், பெரிய வண்டியைப் பிடிக்க. அதே வண்டி திரும்பி வந்து தருமபுரி போகும். அதில்தான் கூட்டம். கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், தயிர்க்காரிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகிறவர்கள் தருமபுரியில் இறங்கி மாட்டுவண்டி பிடிப்பார்கள். சாயங்காலம் அதே ஜனம் அதே வண்டியில் திரும்பி வரும். தீர்த்தமலைத் திருவிழா வந்தால் ஒரு பெட்டி கூடக் கோப்பார்கள்.

மாஸ்டர் ஒருவர், நான் ஒருவன். டிக்கெட், தந்தி, கொடி அவருக்கு. தண்டவாளம் பிரிகிற இடத்தில் பாயிண்ட் திருப்புவது, விளக்குத் துடைப்பது, பானை நிரப்புவது, மணி அடிப்பது எனக்கு. மணி என்பது ஒரு முழத் தண்டவாளத் துண்டு, மரத்தில் கட்டித் தொங்கும். வண்டி பக்கத்து ஸ்டேஷனை விட்டால் ஒன்று, உள்ளே வந்தால் இரண்டு, கிளம்பினால் மூன்று. மூன்றாம் மணியை அடித்துவிட்டு ஓடிப்போய்ப் பாயிண்டில் நிற்பேன். வண்டி என்னைக் கடக்கும்போது சக்கரத்தைப் பார்க்க வேண்டும், அச்சு சூடேறிப் புகைகிறதா என்று. அதுதான் என் வேலை. பெட்டியில் இருக்கிற முகங்களைப் பார்க்கிற வேலை இல்லை.

எங்கள் பக்கம் வெளியே கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், கிளம்பினவன் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி எழுந்திருப்பான். அப்போது சரியாகிவிடும்.

ஆனால் டிக்கெட் கொடுக்கிறவன் கேட்காமல் எப்படிக் கொடுப்பான்? இவருக்கு முந்தின மாஸ்டர், "எங்கே, எங்கே" என்று கத்துவார். ஜனங்கள் டிக்கெட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேரே பானைக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு வாய். காலை வண்டி போவதற்குள் இரண்டு பானையும் காலி. நான் கிணற்றுக்கு மறுபடி நடப்பேன்.

இவர் வந்த பிறகு பானை நிறைந்தே கிடந்தது.

இவர் கேட்க மாட்டார். ஆள் ஜன்னலுக்கு வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காதை மட்டும் ஜன்னலுக்குக் கொடுப்பார். வந்தவர் ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னால் டிக்கெட்டை எடுத்துத் தேதி குத்தி, எழுத்து கீழே போகும்படி கவிழ்த்து வைத்துத் தள்ளுவார். கோட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் கேட்காது, ஒன்றும் தெரியாது.

ஒல்லியான ஆள். கறுப்புக் கோட்டு, நடுப் பொத்தான் இல்லாதது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக் கம்பியை நூலால் கட்டியிருப்பார். வருகிறவர்கள் தெலுங்கு பேசினால் தெலுங்கு, கன்னடம் பேசினால் கன்னடம். எது அவர் வீட்டுப் பேச்சு என்று தெரியாது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவார். அவர் ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை. அவரிடம் அப்படிக் கேட்க வராது.

தினம் தருமபுரிக்குத் தயிர் கொண்டுபோகிற ஒருத்தி இருந்தாள். வாய் பெரிது. கூடையை இறக்காமலே ஜன்னலில் நிற்பாள். மாஸ்டர் காதைக் கொடுத்துக்கொண்டு சும்மா இருப்பார்.

"அட குடுங்க சாமி. பன்னெண்டு வருசமாத் தருமபுரிக்குத்தான் போறேன். இன்னிக்கி மட்டும் ரங்கூனுக்கா போவப் போறேன்?"

"சொன்னாத்தான தெரியும் ஆத்தா."

"நான் செத்தாலும் என் பொணம் தருமபுரிக்குத்தான் டிக்கெட் வாங்கும்."

"அதுவும் சொன்னாத்தான் குடுப்பேன்."

கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மாஸ்டர் சிரிக்க மாட்டார்.

ஒரு நாள் வத்தல்மலையிலிருந்து ஒரு விவசாயி சாமை மூட்டையோடு இறங்கி வந்தார். முதல் தடவை வண்டி ஏறுகிறவர். ஜன்னலுக்குப் போனார். நின்றார். மாஸ்டர் காதைக் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வேறு யாரும் இல்லை. வண்டி வந்தது. நான் இரண்டாம் மணி அடித்தேன். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். மூன்றாம் மணி அடித்தேன். வண்டி போய்விட்டது.

மலைக்காரர் திரும்பிப் பார்த்தார். "வண்டி போயிருச்சுங்களா?"

"போயிருச்சு" என்றார் மாஸ்டர்.

"சரிங்க."

மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். கோபம் இல்லை. நான் உள்ளே போய், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றேன்.

"மலை எறங்கிக் கெளம்பி வந்த மனுசன். நான் எப்படிக் கேக்கறது?"

வெளியே வந்து மலைக்காரரிடம் கேட்டேன். "வாயத் தொறந்து சொன்னா என்னங்க?"

"வண்டி தருமபுரிக்குத்தான் போவுதுன்னு அவருக்குத் தெரியாதுங்களா? ஸ்டேசன்ல இருக்கிறவரு."

சாயங்காலம் இன்னொரு வண்டி தருமபுரிக்கு உண்டு. அதற்கு அவர் ஜன்னலில் போய் ஊர்ப் பேரைச் சொன்னார். எனக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். மாஸ்டர் டிக்கெட்டைக் கவிழ்த்துத் தள்ளினார்.

இது சிரிப்பான விஷயம். சிரிப்பில்லாததும் உண்டு.

ஊர் மணியகாரரின் மகன் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனான். இருபது வயது. மறுநாள் மணியகாரர் வந்தார். கோட்டைத் தாண்டி நேரே அறைக்குள்ளேயே போனார்.

"ஏனுங்க மாஸ்டர், நம்ம பையன் எந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினான்?"

மாஸ்டர் எழுந்து நின்றார். நாற்காலியைக் காட்டினார். 

"உங்களத்தான் கேக்கறேன். டிக்கெட் குடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தேனுங்க."

"அவன் ஊரச் சொல்லாம எப்படிக் குடுத்தீங்க?"

"சொன்னாருங்க. உங்ககிட்டச் சொல்லச் சொல்லலீங்க."

மணியகாரர் நாற்காலியைத் தள்ளிவிட்டார். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். எழுதினாரோ என்னவோ. இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வந்தாள். ஜன்னலில் நிற்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்று அழுதாள். மாஸ்டர் உள்ளிருந்து வெளியே வரவில்லை. காலை வண்டி, திரும்பும் வண்டி, இரண்டும் போகும்வரை நின்று பார்த்துவிட்டு அவள் போனாள்.

அவள் போன பிறகு அவர் வெளியே வந்து கோட்டைப் புதிதாகப் போட்டார். அழியாத கோட்டின் மேலேயே போட்டார்.

கல் மனசு என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அப்போது அவரைப் பிடித்திருந்தது. பெரிய மனிதன் வந்து நின்றால் எல்லாரும் தெரிந்ததைக் கொட்டிவிடுவார்கள். இவர் கொட்டவில்லை. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். மணியகாரர் முகம் போன போக்கைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. களி கிண்டிக்கொண்டிருந்தாள். "அப்ப ஆருகிட்டயும் சொல்ல மாட்டாராங்காட்டியும்?" என்று கேட்டாள்.

"ஆருகிட்டயும் சொல்ல மாட்டாரு" என்றேன்.

நான்தான் சொன்னேன்.

எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து நாற்பது நாளில் போய்விட்டது. பிறகு வேறு இல்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. நான் அடித்திருக்கிறேன். களி கட்டி தட்டியது என்று அடித்திருக்கிறேன். ஒன்றும் இல்லாமலும் அடித்திருக்கிறேன். எத்தனை தடவை என்றால் தெரியாது. எல்லா வீட்டிலும் உண்டு என்று அப்போது நினைத்தேன்.

தினம் காலை முதல் வண்டி போன பிறகு தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவருவாள். விளக்கு அறையில் வைத்துவிட்டுப் போவாள். ஸ்டேஷனுக்கு அவள் வந்துபோவதை யாரும் புதிதாகப் பார்க்க மாட்டார்கள்.

அன்றைக்கு முதல் வண்டிக்கு முன்னாலேயே வந்தாள். நான் தூரத்தில் பாயிண்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"எங்க, இத்தன வெள்ளன?" என்று அங்கிருந்தே கத்தினேன்.

அவள் பெஞ்சுப் பக்கம் போனாள். நான் குனிந்து எண்ணெய் விட்டேன். மணி அடிக்க வந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை. போசியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். மூன்றாம் மணி அடித்தேன். ஓடிப்போய்ப் பாயிண்டில் நின்றேன். வண்டி என்னைக் கடந்தது. சக்கரம் எல்லாம் சரியாக இருந்தது. புகை இல்லை.

வந்து சாப்பிட்டேன். களியும் கீரைக் கடைசலும். நன்றாக இருந்தது.

தயிர்க்காரி அடுத்த வண்டிக்காகக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "உன் பொண்டாட்டி வண்டியேறுச்சே, ஆத்தா வூட்டுக்கா? சீலைக்கு மேல சீல சுத்திக்கிட்டு போவுது" என்றாள்.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கோட்டைத் தாண்டினேன். மாஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தேன். திரும்பும் வண்டிக்கு முதல் மணி அடிக்க வேண்டியிருந்தது.

அவள் அம்மா வீடு அரூர்ப் பக்கம். போய்ப் பார்த்தேன். அங்கே இல்லை. மொரப்பூர் போய்விட்டால் பெரிய லைன். ஒரு பக்கம் சேலம், கோயமுத்தூர். ஒரு பக்கம் ஜோலார்பேட்டை, அங்கிருந்து மெட்ராஸ், பெங்களூர். எங்கே என்று தேடுவது?

அவள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் தடியோடு ஸ்டேஷனுக்கு வந்தார்கள். நான் அவளைக் கொன்று எங்கேயோ புதைத்துவிட்டேன் என்று அவர்கள் எண்ணம். பெரியவன் என் கழுத்துத் துண்டைப் பிடித்து முறுக்கினான்.

"எங்க பொண்ணு எங்கடா? கெணத்துலயா, காட்டுலயா? சொல்லு!"

 சொல்ல என்ன இருக்கிறது? மாஸ்டர் வெளியே வந்தார். அவசரப்படாமல் வந்தார்.

"அவர வுடுங்க. அந்தம்மா உசிரோடத்தான் போனாங்க. நான் டிக்கெட் குடுத்தேன்."

"எந்த ஊருக்கு?"

"அத நான் சொல்றதில்லீங்க."

"பொய். இவனுக்காவப் பேசறீங்க. ஒரே எடத்துல வேல பாக்கறவங்கதான."

 மாஸ்டர் பெஞ்சைக் காட்டினார்.

"அங்க உக்காந்தாங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சாங்க. அப்புறந்தான் ஏறினாங்க."

பெரியவன் துண்டை விட்டான். அவனுக்குப் புரிந்தது. சாகப்போகிறவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப மாட்டாள். யாரோ எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், அவள் அதை முறையாகக் கழித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஆரு கேட்டாங்களாம்?" என்று சின்னவன் என்னைப் பார்த்தான்.

"நான்தான்" என்றேன்.

அவர்கள் போய்விட்டார்கள். பிறகு என்னை எங்கேயாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

பதினைந்து நாள் நான் மாஸ்டரைக் கேட்கவில்லை. பதினாறாம் நாள் விளக்கு அறையில் அவர் கறுப்புக் கோட்டைப் பிடித்தேன். மீதிப் பொத்தானில் ஒன்று அறுந்து விழுந்தது.

"ஊரச் சொல்லுங்க."

"புடிச்சிக்க" என்றார். "வண்டிக்கு இன்னும் நேரம் இருக்குது."

பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் மூச்சு என் கையில் பட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தந்தி அடிக்க ஆரம்பித்தது. விட்டேன். அவர் போய்த் தந்தி வாங்கினார். நான் போய் மணி அடித்தேன்.

பொத்தானைத் தேடி எடுத்து மேசையில் வைத்தேன். அவரே தைத்துக்கொண்டார்.

அப்புறம் அவ்வப்போது கேட்டேன். மாதம் ஒரு தடவை கேட்பேன். சத்தம் போடாமல் கேட்பேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டுவார். ஒரு மழை நாள், வண்டி வராமல் இரண்டு பேரும் அறைக்குள் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"முந்தி வேற ஸ்டேசன்ல இருந்தேன். அங்க ஒரு தடவ சொல்லிட்டேன். ஒரு பொண்ணு. அப்பன்னு ஒருத்தரு வந்து அழுதாரு. சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"போயிக் கூட்டியாந்தாங்க. எங்க ஸ்டேசன்லதான் எறக்கினாங்க. எறங்கினவங்ககிட்ட நான்தான் டிக்கெட்ட வாங்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பொண்ணு டிக்கெட் வாங்க வரல. ஒரு நாளும் வரல."

மழை நிற்கவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல நினைத்தேன். விளக்குகளைத் துடைக்க எழுந்து போனேன்.

அதன் பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நிற்கவில்லை. கேட்பது மட்டும் நின்றது.

அவரோடு சேர்ந்து வருடக் கணக்கில் வேலை பார்த்தேன். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அவரே பாயிண்ட் திருப்பினார், அவரே மணி அடித்தார், அவரே பானைக்குத் தண்ணீர் சேந்தினார். கஞ்சி வைத்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. நானும் போசியைக் கழுவி அவர் வாசலில் வைப்பேன். எங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். நல்லவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரைப் பார்க்காத நாள் ஒன்றுகூட இல்லை. பார்க்கும்போதெல்லாம் அந்த ஊர்ப் பேர் அந்தத் தலைக்குள் இருக்கிறது என்று நினைப்பேன். அவரும் அதை நினைத்திருப்பார்.

வேறு பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லி உறவில் வந்தார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். எனக்கே தெரியவில்லை.

பஸ் வந்தது. கச்சேரிக்காரர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போனார்கள். வண்டியில் ஒரு பெட்டியைக் கழற்றினார்கள். பிறகு ஜெர்மன்காரனோடு சண்டை வந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டுமாம். சின்ன லைனைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு. எங்கப்பன் மண் சுமந்து போட்டதை நாங்கள் கடப்பாரை போட்டுப் பிடுங்க வேண்டும். எனக்குப் பிடுங்கும் கேங்கில் வேலை. மாஸ்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

கடைசி வண்டி ஒரு சாயங்காலம் மொரப்பூருக்குப் போனது. மாஸ்டரும் அதில்தான் போகிறார். பத்துப் பேர் டிக்கெட் வாங்க நின்றார்கள். தயிர்க்காரி முதலில் நின்றாள். அவளுக்கு மொரப்பூரில் ஒரு வேலையும் இல்லை. பெரிய வண்டியை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டுமாம். திரும்பி நடந்தே வந்துவிடுவாளாம்.

"மொரப்பூரு!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள். "கேட்டுக்கோங்க எல்லாரும். தருமபுரி இல்ல, மொரப்பூரு!"

மாஸ்டர் டிக்கெட்டைக் கவிழ்த்தே தள்ளினார்.

நான் கோட்டுக்கு வெளியே வரிசையில் நின்றேன். இத்தனை வருடத்தில் நான் அந்த ஜன்னலில் டிக்கெட் வாங்கியதில்லை. என் முறை வந்தது. போனேன். அவர் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு காதைக் கொடுத்தார். யார் என்று பார்க்கவில்லை.

"அவ வாங்குனதே எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றேன்.

முகம் திரும்பியது. கண்ணாடியைக் கழற்றினார். நூல் கட்டிய காதுக் கம்பி கையோடு வந்தது. என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கை டிக்கெட் அலமாரிப் பக்கம் போகவில்லை. ஆனால் ஜன்னல் பலகையையும் சாத்தவில்லை.

"போயி?" என்று கேட்டார்.

அந்த ஜன்னலில் அவர் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். மணியகாரர் மகனைக் கேட்டதில்லை. மலைக்காரரைக் கேட்டதில்லை. அவளையும் கேட்டிருக்க மாட்டார். என்னைக் கேட்டார்.

கூட்டி வருவேன் என்று சொல்லலாம். எங்கே கூட்டி வருவது? வீடு அப்படியேதான் இருக்கிறது. இனிமேல் அடிக்க மாட்டேன் என்று சொல்லலாம். அதை அவரிடம் சொல்லி என்ன? பார்க்கணும் என்று சொல்லலாம். அவள் என்னைப் பார்க்க வேண்டுமா என்பது எனக்குத் தெரியாது. வாய் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. மலைக்காரர் நின்ற மாதிரி நின்றேன். அவரும் அன்று போலவே காத்திருந்தார்.

வெளியே இரண்டு பேர் டிக்கெட்டுக்கு நின்றார்கள். வண்டி தெரிந்தது. இரண்டாம் மணி அடிக்க வேண்டும். நகர்ந்தேன்.

அவர் பெட்டியை நான்தான் தூக்கினேன். தகரப் பெட்டி. மேலே ஒரு காகிதம் ஒட்டி, போகிற ஊரை எழுதியிருந்தார். ஸ்டேஷன் பலகை படிக்கிற அளவுக்கு எனக்கு எழுத்துத் தெரியும். படிக்கவில்லை. தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் எழுத்து மேலே போய்விடும். அப்படியே கொண்டுபோய் உள்ளே வைத்தேன்.

அவர் படியில் காலை வைத்தார். தயிர்க்காரி பக்கத்துப் பெட்டி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"மாஸ்டரு, இனி எங்க போறீங்க?"

பெட்டியில் இருந்தவர்கள் அவளை அதட்டினார்கள். "ஏம்மா, கெளம்பற மனுசனக் கேக்கறதா அது?" அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் காலைக் கீழே எடுத்தார். மெல்ல நடந்து வேப்பமரத்தடிக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். இஞ்சின்காரன் எட்டிப் பார்த்தான். நேரமாகிவிட்டது. அவர் அவனைப் பார்க்கவில்லை. நான் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து ஒரு வாய் குடித்தார். சொம்பை என் கையில் கொடுத்தார். போய் ஏறிக்கொண்டார்.

அவர் இருந்த காலத்தில் அவரால் வண்டி நின்றது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் மணி அடித்தேன். பாயிண்டுக்கு ஓடினேன். வண்டி கடந்தது. சக்கரத்தைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் எங்கள் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளம் பிடுங்கினோம். பாயிண்டை நானே கழற்றினேன். மணியையும் இரும்போடு இரும்பாக ஏற்றிவிட்டார்கள். கட்டடம் நின்றது. கோடு முதல் மழை வரைக்கும் இருந்தது.

பிறகு மொரப்பூரில் எனக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை போட்டார்கள். பெரிய வண்டி நின்றால் வாளியும் குவளையும் எடுத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஓட வேண்டும். சண்டையில் சிப்பாய்கள் வண்டி வண்டியாகப் போனார்கள், அவர்களுக்கும் கொடுத்தேன். சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களுக்கும் கொடுத்தேன். இப்போதும் அதே வேலைதான். இங்கே சக்கரத்தைப் பார்க்க வேறு ஆள் உண்டு. நான் ஜன்னல் ஜன்னலாக முகத்தைப் பார்க்கிறேன். பெண்கள் பெட்டியில் கொஞ்சம் நின்று பார்ப்பேன். இதுவரை இல்லை.

"போயி?" என்று மாஸ்டர் கேட்டதற்குப் பதில் இன்னும் எனக்குத் தெரியாது. இருந்தாலும் எந்த ஜன்னலிலும் எங்கே என்று கேட்பதில்லை. ஒன்றுதான் கேட்கிறேன்.

"தண்ணி வேணுங்களா?"